ஏடும் தட்டும்

அருங்காட்சியகம் என்றதும் அரசர் வாளும் ஆலயச் சிலையுமே நினைவுக்கு வருகின்றன. கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தின் கல்வி வரலாற்றைக் காட்சிக்கு வைப்பதாயின், எவற்றை வைப்பது?

முதலில் பனையோலை, எழுத்தாணி, ஒரு பிடி மணல். இவை திண்ணைப் பள்ளியின் கருவிகள். 1826இல் ஆளுநர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் பள்ளிகள் 12,498; மாணவர் 1,88,650. பழம்பெருமை பேசுவோர் இக்கணக்கைக் காட்டி மார்தட்டுவர். கணக்குப் பொய்யன்று, பார்ப்பனரல்லாதார் பிள்ளைகளும் அங்கே திரளாகப் பயின்றனர். ஆனால் அதே கணக்கில் பெண்கள் எத்துணைப் பேர்? 4,540! நூற்றுக்கு மூவர்கூட இல்லை.

பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், அம்முறையைச் சென்னையில் தம் பள்ளியில் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மணலெழுத்து கடல் கடந்தது. ஊர்க்கோடியிலிருந்த சேரிக்குப் போகவில்லை. தொலைவா தடுத்தது? சாதியன்றோ தடுத்தது!

அடுத்து ஒரு கலயம். அண்டை ஊராம் விருதுநகரில் நாடார் வீட்டுப் பெண்கள் உலையிடும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்தனர். அந்தப் பிடியரிசியில் வளர்ந்தது சத்திரிய வித்யாசாலை. கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட சமுதாயம், பள்ளி வாயிலைத் தானே திறந்துகொண்டது.

மூன்றாவது ஒரு தட்டு. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில், சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பகலுணவு அளிக்கப்பட்டது. அவ்வித்யாசாலையில் பயின்று, இளமையிலேயே படிப்பை விட நேர்ந்த காமராசர், முதலமைச்சரானபின் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மழை பொய்த்தால் அடுப்பு அணையும் மானாவாரிச் சீமையில், அத்தட்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது.

இறுதியில், தீக்குச்சி அடுக்கும் கட்டை. ஒருவேளைச் சோறு பிள்ளையின் பசியைத் தணித்தது. வீட்டின் வறுமையை ஒழிக்கவில்லை. அதனால் ஏடு பிடிக்க வேண்டிய பிஞ்சு விரல்கள் தீப்பெட்டித் தொழிலில் குச்சி அடுக்கின. அத்தொழிலில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்தது. 2009இலோ கல்வி உரிமைச் சட்டமே பிறந்தது.

படிப்பு ஏறாதது தலைவிதி என்றும், பிறவிக் குணம் என்றும் இன்றும் சொல்வார் உளர். அவர்களிடம் வாதம் வேண்டா. இக்கட்டையை ஒரு கையிலும் அத்தட்டை மறு கையிலும் கொடுங்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுத்தது எது, பள்ளிக்கு அழைத்தது எது என அவர்களே எடைபோடட்டும். அந்த எடையில் விதிக்கு இடம் எங்கே?