1961: இரண்டு புள்ளியில் போன உலகப்பட்டமும் ஒரு மதிலும்

பேர்லின் மதில் பற்றிக் கதைக்கும்போது எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது 1989இல் அதை உடைக்கிற படங்கள்தான். அது எழும்பின வருடம் 1961. அதே வருடம் 125 சிசி மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி உலகப்பட்டத்துக்கான போட்டியும் நடந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். அந்தப் பட்டம் யாருக்குப் போனது என்பதைத் தீர்மானித்ததில் அந்த மதிலுக்கும் பங்கு இருக்கு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போறம்.

அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் ரேஸ் என்றால் 500 சிசிதான் ராஜா. 125 சிசி சின்னப் பிரிவு. சின்ன எஞ்சின், மெல்லிய பைக், பெரும்பாலும் எடை குறைந்த ஓட்டுநர்கள். ஆனால் எஞ்சின் செய்கிறவர்களுக்கு இந்தச் சின்னப் பிரிவுதான் பெரிய பள்ளிக்கூடம். கோப்பி போடுகிற கப் அளவு இடத்துக்குள் எவ்வளவு சக்தியை எடுக்கலாம் என்பதுதான் கேள்வி. 1961இல் அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஒன்று ஜப்பானின் ஹொண்டா. மற்றது கிழக்கு ஜேர்மனியின் எம்சட்.

சொப்பாவ் பட்டறை

எம்சட் தொழிற்சாலை சாக்சனி மாநிலத்தில் சொப்பாவ் என்ற சின்ன ஊரில் இருந்தது. போருக்கு முதல் அங்கே டிகேடபிள்யூ பைக்குகள் செய்தார்கள். போருக்குப் பிறகு நாடு இரண்டாகப் பிரிய, தொழிற்சாலை கிழக்குப் பக்கம் அகப்பட்டது. 1953இல் அதன் ரேஸ் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தவர் வால்டர் காடன். போர்க்காலத்தில் பேனமுண்டேயில் ஆயுத ஆராய்ச்சியில் வேலை செய்த பொறியியலாளர்.

காடனிடம் காசு இல்லை. வெளிநாட்டு நாணயம் இல்லை. நல்ல உலோகம் கிடைப்பதும் கஷ்டம். அவரிடம் இருந்தது டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பற்றின அறிவு மட்டும்தான். உலகமோ அந்த எஞ்சினைப் புல்லு வெட்டுகிற மெஷினுக்கும் மலிவான பைக்குக்கும்தான் சரி என்று நினைத்திருந்தது.

இந்த இடத்தில கொஞ்சம் மெக்கானிக் கதை தேவை. போர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு தடவை சுற்றினால் ஒருக்கால்தான் பெற்றோல் எரிந்து சக்தி வரும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். கணக்குப்படி பார்த்தால் அதே அளவு எஞ்சினில் இரண்டு மடங்கு சக்தி வரவேணும். ஏன் வரவில்லை? புதுசாக உள்ளே வருகிற பெற்றோல் கலவையில் ஒரு பங்கு, எரியாமலே புகை போகிற வாசலால் வெளியே போய்விடும். வால்வு இல்லாததால் அதைத் தடுக்க ஆள் இல்லை.

காடன் அந்தக் காவலாளியைப் புகைக்குழாய்க்குள்ளேயே வைத்தார். குழாயை முதலில் அகலமாக விரித்து, பிறகு ஒடுக்கினார். எஞ்சினிலிருந்து வெடித்து வரும் அழுத்த அலை அந்த ஒடுங்கின பக்கத்தில் மோதித் திரும்பி வரும். வாசல் மூடுவதற்குச் சற்று முதல் அது வந்து சேர்ந்தால், வெளியே ஓடின கலவையைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். வயிறு பெருத்த சைலன்சர் என்று நாங்கள் சொல்கிற அந்த வடிவத்தின் ரகசியம் இதுதான். இதோட, கலவை உள்ளே வருகிற நேரத்தைக் கட்டுப்படுத்தக் கிராங்கோடு சுழலும் ஒரு மெல்லிய தட்டு, சிலிண்டருக்குள் கலவை போக ஒரு கூடுதல் வழி. மூன்றும் அவர் தனியாகக் கண்டுபிடித்தது இல்லை. விரிந்து ஒடுங்கும் குழாயையும் சுழலும் தட்டையும் வேறு ஜேர்மன்காரர்கள் முதலே முயன்று பார்த்திருந்தார்கள். மூன்றையும் ஒன்றாகப் பொருத்தி, அளந்து, திருத்தி, திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தவர் காடன்.

1961இல் அவருடைய 125 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 10,800 சுற்றில் 25 குதிரைவலு தந்தது. லீற்றருக்கு 200 குதிரைவலு. சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சின் ஒன்று அந்த அளவைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இன்றைக்கு எங்கட ரோட்டில ஓடுற 125 சிசி பைக்குகள் பெரும்பாலும் 10, 11 குதிரைவலுவோடதான் ஓடுது என்பதை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

பதினொரு ரேஸ்

அந்தப் பைக்கை ஓட்டினவர் ஏர்ன்ஸ்ட் டெக்னர். 1931இல் கிளைவிட்ஸ் நகரில் பிறந்தவர். போருக்குப் பிறகு அந்த ஊர் போலந்துக்குப் போய்விட்டது. 1956இல் எம்சட்டில் சேர்ந்தார். ஓட்டத் தெரிந்தது மட்டுமில்லை, எஞ்சினும் விளங்கும் ஆள்.

எதிர்ப்பக்கம் ஹொண்டா. 1959இல்தான் ஐரோப்பாவுக்கு முதல் தடவை வந்தார்கள். 1961 ஏப்ரல் 23, பார்சலோனாவின் மோன்ஜுயிக் மலைப்பாதையில் அவுஸ்திரேலியரான டொம் பிலிஸ் 125 சிசி ரேஸை வென்றார். ஹொண்டாவின் முதல் கிராண்ட் பிரி வெற்றி அதுதான். டெக்னர் இரண்டாவது. மூன்று கிழமை கழித்து ஹொக்கன்ஹைமில் டெக்னர் முதலாவது. அதே நாளில் 250 சிசி பிரிவில் குனிமிட்சு டகஹாஷி வென்று, கிராண்ட் பிரி வென்ற முதல் ஜப்பானியர் ஆனார். பிரான்ஸில் பிலிஸ், திரும்ப டெக்னர் இரண்டாவது.

ஜூன் மாதம் மான் தீவு. மைக் ஹெயில்வூட் 125, 250 இரண்டையும் ஹொண்டாவில் வென்றார். இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடமும் ஹொண்டாவுக்குத்தான். எம்சட்டுக்கு அந்தத் தீவில் ஒன்றும் சரிவரவில்லை. ஆனால் இந்தக் கதையின் முக்கியமான சந்திப்பு அங்கேதான் நடந்தது. சுசுகி குழுவும் அங்கே நின்றது. முதல் வருடம் வந்தும் வெல்லவில்லை, இந்த வருடமும் அதே நிலைமை. அவர்கள் செய்ததும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான், ஆனால் காடனுக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் டெக்னருக்கும் இடையில் பேச்சுத் தொடங்கியது.

நெதர்லாந்தில் பிலிஸ், பெல்ஜியத்தில் லூயிஜி டவேரி. ஜூலை 30 சக்சன்ரிங்கில், சொந்த நாட்டுச் சனத்துக்கு முன்னால் டெக்னர் வென்றார். பிலிஸ் இரண்டாவது. ஓகஸ்ட் 12, வட அயர்லாந்தின் டண்ட்ரொட்டில் டகஹாஷி முதலாவது, டெக்னர் இரண்டாவது.

அன்றைக்கு இரவு பேர்லினில் முள்ளுக்கம்பி இழுக்கத் தொடங்கினார்கள். ஓகஸ்ட் 13 விடியும்போது நகரம் இரண்டாகிவிட்டது. அதுவரைக்கும் கிழக்கு பேர்லினில் ரயில் ஏறி மேற்கில் இறங்கலாம். லட்சக்கணக்கான ஆட்கள் அப்படித்தான் போனார்கள். டெக்னர் வெளிநாட்டில், ரேஸ் முடித்த களைப்போடு. மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் கிழக்கு ஜேர்மனியில். குடும்பத்தை வெளியில் எடுப்பதற்கு இருந்த சுலபமான வழி ஒரே இரவில் மூடிப்போனது.

கணக்கு

செப்டெம்பர் 3 மொன்சாவில் டெக்னர் திரும்ப வென்றார். இப்ப புள்ளிக் கணக்கைப் பாருங்கோ. முதல் ஆறு இடத்துக்கு 8, 6, 4, 3, 2, 1. மொத்தம் 11 ரேஸ், ஆனால் ஒருவரின் மிகச்சிறந்த ஆறு மட்டும்தான் எண்ணப்படும். டெக்னரிடம் மூன்று வெற்றி, மூன்று இரண்டாமிடம்: 42. பிலிஸிடம் மூன்று வெற்றி, இரண்டு இரண்டாமிடம், ஒரு மூன்றாமிடம்: 40. மிச்சம் இரண்டு ரேஸ். சுவீடன், ஆர்ஜென்டீனா.

டெக்னர் சுவீடனில் வென்றால் 44. அதுக்குப் பிறகு பிலிஸ் ஆர்ஜென்டீனாவில் வென்றாலும் அதே 44ஐத்தான் தொடமுடியும். சொப்பாவ் போல ஒரு பட்டறைக்கு இதைவிட நெருக்கமான வாய்ப்பு வரப்போவதில்லை. எம்சட் தன்னுடைய முதல் கிராண்ட் பிரியை வென்றதும் 1958இல் சுவீடனில்தான்.

செப்டெம்பர் 17, கிறிஸ்டியான்ஸ்டாட். டெக்னரின் எஞ்சின் சில சுற்றுகளிலேயே உடைந்துபோனது. டவேரி வென்றார். பிலிஸ் ஆறாவதாக வந்து ஒன்றும் கூட்டிக்கொள்ளவில்லை. ஆக, டெக்னர் இன்னும் முன்னுக்குத்தான். ஆனால் அவர் குழுவோடு வீட்டுக்குத் திரும்பவில்லை. டென்மார்க் வழியாக மேற்கு ஜேர்மனிக்குப் போய்விட்டார். அதே நாட்களில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரின் டிக்கிக்குள் ஒளிந்து எல்லையைக் கடந்தார்கள். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்க நித்திரை மருந்து கொடுத்திருந்தார்களாம்.

கிழக்கு ஜேர்மனி அவருடைய ரேஸ் லைசென்ஸை ரத்துச் செய்தது. எஞ்சினை வேணுமென்றே உடைத்தார் என்றும் குற்றம் சாட்டியது. ஒக்டோபர் 15 ஆர்ஜென்டீனாவில் டெக்னர் இல்லை. பிலிஸ் வென்றார். நான்கு வெற்றி, இரண்டு இரண்டாமிடம்: 44. ஹொண்டாவுக்கு 125 சிசியில் முதல் உலகப்பட்டம். டெக்னர் 42.

பிறகு

டெக்னர் ஜப்பானுக்குப் போய் ஹமமட்சுவில் சுசுகியோடு வேலை செய்தார். 1962இல் புதிதாகத் தொடங்கின 50 சிசி பிரிவில் அவரே உலக சம்பியன். சுசுகிக்கு முதல் பட்டம், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வென்ற முதல் உலகப்பட்டமும் அதுதான். 1963இல் ஹியூ அண்டர்சன் 125 சிசி பட்டத்தையும் சுசுகிக்கு எடுத்துக் கொடுத்தார். 1964இல் யமஹா 250 சிசி பட்டத்தை டூ ஸ்ட்ரோக்கில் வென்றது. 1975இலிருந்து 2001 வரைக்கும் 500 சிசி சம்பியன்கள் எல்லாரும் டூ ஸ்ட்ரோக் ஓட்டினவர்கள். எங்கட ஆட்கள் இன்னும் ஆசையாகக் கதைக்கிற ஆர்எக்ஸ் 100 கூட அந்த வம்சத்தில் வந்த பிள்ளைதான்.

சொப்பாவுக்கு ஒரு உலகப்பட்டமும் கிடைக்கவில்லை. காடன் தொடர்ந்து அங்கேயே வேலை செய்தார். மதில் விழுவதைப் பார்த்து, 1996இல் இறந்தார். டொம் பிலிஸ் சம்பியனாகி எட்டு மாதம்கூட முடியவில்லை, 1962 ஜூனில் மான் தீவு ரேஸில் விழுந்து செத்துப்போனார். வயது 28. டெக்னர் 1963இல் சுசுகா ஓடுபாதையில் விழுந்து நெருப்பில் கடுமையாக எரிந்தார். திரும்ப வந்து ஓட்டினாலும் பழைய ஆளாக வரவில்லை. 1983இல் டெனரீஃபே தீவில் இறந்தார். சுசுகாவில் ஒரு வளைவுக்கு இன்றைக்கும் டெக்னர் வளைவு என்றுதான் பெயர். 1962இல் அவர் அங்கே விழுந்ததால் வந்த பெயர் அது. போர்முலா வன் பார்க்கிற ஆட்கள் வருடா வருடம் அந்தப் பெயரைக் கேட்பார்கள், யார் என்று தெரியாமல்.

இந்தக் கதையை வாசித்து முடித்த பிறகு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒரு பக்கம் சொன்னது: டெக்னர் துரோகி. காடன் எத்தனையோ வருடம் பாடுபட்டுக் கண்டதைப் பையில் போட்டுக்கொண்டு போய் விற்றார். மற்றப் பக்கம் சொன்னது: பிள்ளைகளை மருந்து கொடுத்து டிக்கிக்குள் படுக்க வைக்கிற அளவுக்கு ஒரு நாடு ஆட்களைத் தள்ளினால், போகிறவனில் மட்டும் பிழை பிடிக்க ஏலாது.

இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறம். காடனுக்கு நடந்தது அநியாயம். அவருடைய அறிவு உலகம் முழுக்க ஓடியது, பெயர் ஓடவில்லை. ஆனால் அந்த அநியாயத்தை டெக்னர் தனியாகச் செய்யவில்லை. தன்னுடைய ஆட்களை நம்பாமல் கம்பி கட்டின அரசுக்கும், அந்த இக்கட்டைப் பயன்படுத்தி விலை பேசின கம்பனிக்கும் அதில் பங்கு இருக்கு. போனவர்களைப் பற்றியும் நின்றவர்களைப் பற்றியும் ஒரு வசனத்தில் தீர்ப்புச் சொல்லுகிற பழக்கம் எங்கட ஊரிலயும் இருக்கு. அந்தப் பழக்கத்தோடு 1961ஐப் பார்த்தால் ஒரு திருடனும் ஒரு ஏமாளியும் மட்டும்தான் தெரிவார்கள்.

பதிவுப் புத்தகத்தில் இருப்பது இரண்டு வரிதான்: பிலிஸ் 44, டெக்னர் 42. அடுத்த தடவை வயிறு பெருத்த சைலன்சரோடு ஒரு பழைய பைக் சத்தம் போட்டுக்கொண்டு உங்களைக் கடந்து போனால், அந்த இரண்டு வரியிலும் பெயர் இல்லாத வால்டர் காடனை ஒருக்கா நினையுங்கோ.