நிலையான கூலி முதல் அனுமதிக் கடிதம் வரை: சிங்கப்பூர்க் குழாய்த் தொழிலாளரின் ஊதியத் தளம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ புதுநகரின் கட்டுமானம் 1973ஆம் ஆண்டு தொடங்கியது. அங்குள்ள அடுக்குமாடிகளிற் பெரும்பாலானவை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுந்தவை. அவற்றின் கழிவுநீர்க் குழாய்களும் கட்டடங்களோடு சேர்ந்து முதுமை அடைந்தன. 2007இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அறிமுகப்படுத்திய இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில், பழைய கழிவுநீர்க் குழாய்களை மாற்றும் பணி இன்றியமையாத பணிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. குடிமக்களின் வீடுகளில் இப்பணிக்கான செலவை அரசே ஏற்றது. இத்தகைய பணிகளைச் செய்வோரிடையே தமிழகத்திலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்களும் உளர்.

ஒரு வீட்டுக் குழாயை மாற்றுவதற்கு யார் பணம் தருவது என்பது விதியில் தெளிவாக உள்ளது. அக்குழாயை மாற்றுபவனுக்குக் குறைந்த அளவாக எவ்வளவு தரவேண்டும் என்பது எங்கே எழுதப்பட்டுள்ளது? இவ்வினாவிற்கு விடை காணவே இக்கட்டுரை முற்படுகிறது. சிங்கப்பூரில் குறைந்தபட்ச ஊதியம் இல்லை என்று பொதுவாகக் கூறப்படும். இக்கூற்று முழு உண்மையன்று என்பது நம் கருத்து. ஊதியத் தளம் என்ற ஒன்று இங்கு உண்டு. ஆனால் அது தொழிலுக்குரியதாக இல்லாமல், ஒவ்வொரு தொழிலாளியின் கடிதத்திலும் தனித்தனியே எழுதப்பட்டதாக உள்ளது. இந்நிலை உருவான வரலாற்றை முதற்கண் நோக்குவோம்.

தோட்டத்து நிலையான கூலி

மலாயாவிலும் நீரிணைக் குடியேற்றங்களிலும் தமிழ்த் தொழிலாளர்க்கு அரசு ஆதரவுடன் கூலி அளவு வகுக்கப்பட்டது புதிய செய்தியன்று. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், உடலுழைப்புத் தொழிலாளரை அனுப்புவதற்குச் சில நிபந்தனைகளை விதித்தது. அதன் விளைவாக மலாயாவில் ‘நிலையான கூலி’ என்னும் முறை தோன்றியது. ஒரு தொழிலாளியின் அரிசி, உடை, இதர செலவுகளைக் கணக்கிட்டு நாட்கூலி வரையறுக்கப்பட்டது. முதன்மைப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என அது நின்றது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது அவ்வளவு பெரிதும் குறைக்கப்பட்டது. மலாயாவைப் பார்வையிட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1937ஆம் ஆண்டு அறிக்கையில் பழைய அளவை மீண்டும் வழங்கவேண்டும் எனப் பரிந்துரைத்தார். ஆயினும் 1938இல் கூலி மறுபடியும் குறைக்கப்படவே, உதவிபெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு தடைசெய்தது.

இம்முறையின் குறைகள் பல. பெண்ணின் உழைப்பு தாழ்வாக மதிக்கப்பட்டது. தளம் எனப்பட்ட தொகையே நடைமுறையில் கூரையாகவும் ஆயிற்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், சீனத் தொழிலாளர் பெறும் கூலிக்கு நிகரான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவே காரணம். எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. தொழிலாளியை அனுப்பும் நாடு, அவன் பெறும் கூலியைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையை அன்று பெற்றிருந்தது. அதனைப் பயன்படுத்தவும் செய்தது.

நாட்கூலியிலிருந்து சட்டத்திற்கு

சிங்கப்பூர் நகரின் நீர், துப்புரவுப் பணிகளில் தமிழர் நீண்டகாலம் நாட்கூலிகளாக உழைத்தனர். 1963 மே 1ஆம் நாள் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைக்கப்பட்டு, நீர் வழங்கல் அதன் பொறுப்பிற்கு வந்தது. 1967 பெப்ரவரி 1ஆம் நாள் கே. சுப்பையா தலைமையிலான அரசு நாட்கூலி ஊழியர் இயக்கத்தைச் சார்ந்த துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது சட்டப்புறம்பானது என அறிவிக்கப்பட்டது. தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். அடுத்த ஆண்டு, 1968 ஆகஸ்ட் 15இல், வேலை நியமனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் கூலி எவ்வளவு என்று கூறவில்லை. கூலி எவ்வாறு வழங்கப்படவேண்டும் என்றே கூறிற்று. 1972இல் அமைந்த தேசியச் சம்பள மன்றமும் ஆண்டுதோறும் வழிகாட்டுதல் தந்ததேயன்றித் தளம் எதனையும் சட்டமாக்கவில்லை. தொகையைச் சந்தைக்கு விட்டு, முறையைச் சட்டத்திற்குள் வைத்தல் என்னும் இப்போக்கே பின்வந்தவை அனைத்திற்கும் அடிப்படையாயிற்று.

உள்ளூரார்க்கு எழுந்த தளம்

இப்போக்கில் மாற்றம் 2012இற்குப் பின்னர்த் தோன்றியது. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் முன்வைத்த படிப்படியாக உயரும் சம்பள முறை, 2014இல் துப்புரவுத் துறையில் உரிம நிபந்தனையாக்கப்பட்டது. காவல், நிலவனப்பு, சில்லறை வணிகம், உணவுச் சேவை முதலிய துறைகளுக்கும் அது பின்னர் விரிந்தது. குழாய்த் தொழிலுக்கெனத் தனிப்படி எதுவும் அமையவில்லை. எனினும் 2022 செப்டம்பர் 1 முதல், வெளிநாட்டு ஊழியரை அமர்த்தும் நிறுவனம் தன் உள்ளூர் ஊழியர் அனைவர்க்கும் குறிப்பிட்ட தகுதிச் சம்பளம் வழங்கவேண்டும் என விதிக்கப்பட்டது. முழுநேர ஊழியர்க்கு மாதம் 1,400 வெள்ளியாகத் தொடங்கிய அத்தொகை, 2024 ஜூலை 1இல் 1,600 வெள்ளியாக உயர்ந்தது.

இதனை உற்று நோக்கின் ஒரு முரண் புலப்படும். ஒரே நிறுவனத்தில், ஒரே குழாயின் இரு முனைகளைப் பிடித்து நிற்கும் இருவருள் உள்ளூர்க்காரர்க்குத் தளம் உண்டு. வெளிநாட்டவர்க்கு அது பொருந்தாது. அவரை அமர்த்தியதனாலேயே மற்றவர்க்கு அத்தளம் கிடைக்கிறது.

கடிதத்தில் எழுதிய தொகை

அவ்வாறாயின் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் காப்பு எதுவும் இல்லையா? உண்டு. வேலை அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, முதலாளி மாதச் சம்பளத்தை மனிதவள அமைச்சிடம் அறிவிக்கவேண்டும். அத்தொகை, தொழிலாளி புறப்படுமுன் பெறும் கொள்கையளவிலான அனுமதிக் கடிதத்தில், அதாவது ‘ஐபிஏ’ எனத் தொழிலாளர் வழங்கும் தாளில், இடம்பெறும். 2012ஆம் ஆண்டின் விதிகளின்படி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறிவித்த நிலையான மாதச் சம்பளத்திற்குக் குறையாமல் முதலாளி தரவேண்டும். அதனைக் குறைப்பதாயின் தொழிலாளியின் எழுத்துவழி உடன்பாடு முன்னரே பெறப்படவேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்கவேண்டும். இதுவே நாம் முன்னர்ச் சுட்டிய தனித்தனித் தளம்.

இத்தளத்தின் உயரத்தை மட்டுமன்று, அதன் அமைப்பையும் ஆராய்தல் வேண்டும். வேலை நியமனச் சட்டத்தின்படி, மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத உடலுழைப்புத் தொழிலாளியின் வழக்கமான வேலைநேரம் வாரத்திற்கு 44 மணி. அதற்கு மேற்பட்ட நேரத்திற்கு ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும். மாதத்தில் 72 மணிக்கு மேல் மிகைநேரம் வாங்குதல் கூடாது. ஒரு மணிநேரக் கூலியை அறிய, மாத அடிப்படைச் சம்பளத்தைப் 12ஆல் பெருக்கி, 52 வாரங்களை 44 மணியால் பெருக்கி வரும் 2,288ஆல் வகுத்தல் முறை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவரின் மாதச் சம்பளம் 858 வெள்ளி. அது முழுவதும் அடிப்படைச் சம்பளம் எனக் கொள்வோம். மணிநேரக் கூலி 4.50 வெள்ளி, மிகைநேரக் கூலி 6.75 வெள்ளி. 72 மணி மிகைநேரத்திற்கு 486 வெள்ளி கிடைக்கும். அதே 858 வெள்ளி, 572 அடிப்படைச் சம்பளம், 286 படித்தொகை எனப் பிரிக்கப்படின், மணிநேரக் கூலி 3 வெள்ளியாகவும் மிகைநேரக் கூலி 4.50 வெள்ளியாகவும் இறங்கும். 72 மணிக்கு 324 வெள்ளியே வரும். கடிதத்தின் மொத்தத் தொகை மாறவில்லை. ஆயின் மாதம் 162 வெள்ளி, ஆண்டுக்கு 1,944 வெள்ளி குறைகிறது. ஆகவே மொத்தத்தைக் கேட்டுப் புறப்படுபவர் அடிப்படைச் சம்பளத்தையும் கேட்டறிதல் இன்றியமையாதது.

சம்பளக் காலம் முடிந்து 7 நாள்களுக்குள் சம்பளமும், 14 நாள்களுக்குள் மிகைநேரக் கூலியும் வழங்கப்படவேண்டும். 2016 ஏப்ரல் 1 முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயமாயிற்று. 2017 ஏப்ரல் 1 முதல் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றங்கள் இயங்கி வருகின்றன. அங்குச் செல்பவர்க்குச் சம்பளச் சீட்டும் அனுமதிக் கடிதமுமே முதற்சான்றுகள்.

திறனும் தீர்வையும்

தமிழகத்திலிருந்து கட்டுமானத் துறைக்கு வருபவர் திறன் தேர்வில் தேறவேண்டும். குழாய் பொருத்தும் தொழிலும் அத்தேர்வுகளுள் ஒன்று. ஆனால் தேறியவர்க்கு இவ்வளவு கூலி என்ற விதி இல்லை. திறன் ஏற்பு வேறிடத்தில் பணமாகிறது. 2024 ஜனவரி 1 முதல், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்த உயர்திறன் கட்டுமானத் தொழிலாளிக்கு முதலாளி அரசுக்குச் செலுத்தும் மாதத் தீர்வை 500 வெள்ளி. அடிப்படைத் திறனுடையவர்க்கு 900 வெள்ளி. தொழிலாளியின் திறன் உயர்ந்தால் முதலாளிக்கு 400 வெள்ளி மிச்சமாகும். அதில் ஒரு பங்கு தொழிலாளியைச் சேரவேண்டும் என்று சட்டம் கூறவில்லை. தன் கையின் திறன் நிறுவனத்தின் கணக்கில் என்ன மதிப்புடையது என்பதை அறிந்த தொழிலாளியே சம்பள உயர்வு பற்றிப் பேச இயலும்.

அனுப்பும் நாட்டின் நிலை

தமிழகத்தில், 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்கீழ் கட்டடப் பணிகளுக்கு ஊதியம் அறிவிக்கப்பட்டு வந்தது. அச்சட்டத்தின் இடத்தை 2025 நவம்பரில் ஊதியத் தொகுப்புச் சட்டம் பெற்றது. அண்டை நாடாகிய மலேசியாவில் 2013 ஜனவரி 1இல் தீபகற்பத்திற்கு 900 ரிங்கிட் எனத் தொடங்கிய குறைந்தபட்ச ஊதியம் வெளிநாட்டுத் தொழிலாளரையும் உள்ளடக்கியது. 1983ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் அனுமதிச் சோதனை வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியா இருந்தது, சிங்கப்பூர் இல்லை. அப்பட்டியல் நாடுகளுக்கு இந்தியத் தூதரகங்கள் குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியம் வகுத்தன. 1922இன் சட்டம் எழுப்பிய வினா, சிங்கப்பூரைப் பொறுத்தவரை எழுப்பப்படாமலே நின்றது.

முடிவுரை

தோட்டத்துத் தொழிலாளியின் 50 காசு, எல்லோரும் அறிந்த ஒரே எண். அது குறைக்கப்பட்டபோது அனைவரும் சேர்ந்து கேட்க முடிந்தது. அறிக்கையும் எழுந்தது, வேலைநிறுத்தமும் எழுந்தது. இன்றைய குழாய்த் தொழிலாளியின் தளம் சட்ட வலிமையில் அதனினும் உறுதியானது. வேலை இல்லாத நாளிலும் அது நிற்கும். ஆனால் ஒருவர் எண்ணை மற்றவர் அறியார். எனவே, அது தாழ்வாக எழுதப்பட்டால் கேட்பதற்கு இரண்டாவது குரல் இல்லை. தொழில்வாரியான ஓர் அளவு, உள்ளூரார்க்கு அமைந்த சம்பளப் படிகளைப் போன்று, குழாய்த் தொழிலுக்கும் வகுக்கப்படுதல் இக்குறையை நீக்கும் என்பது நம் துணிபு. அதுவரையில், ஊரைவிட்டுப் புறப்படுமுன் கடிதத்தின் அடிப்படைச் சம்பள வரியைப் படித்தலும், அதன் படியொன்றைத் தம்மிடம் வைத்திருத்தலுமே தொழிலாளியின் முதற்காப்பாக அமையும்.