பொது வார்டுக்கு வந்த மனோவைத்தியர்

சித்தக் கலக்கத்துக்கு ஊருக்கு அப்பால் உயர்ந்த மதிலுக்குள்ளும், சரீர வியாதிக்கு நகரத்து நடுவிலும் ஆஸ்பத்திரி கட்டிவைத்த காலத்தில், இரண்டு துன்பமும் ஒருங்கே வாய்த்தவர்கள் பட்ட பாடே பெரும்பாடு. அமெரிக்காவில் ஜார்ஜ் ஹென்றி என்னும் டாக்டர், பொது ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் மனோவைத்தியர் ஒருவர் தவறாமல் வார்டுகளைச் சுற்றி வரவும், இளம் டாக்டர்களுக்கு அவ்வித்தையைப் போதிக்கவும் வேண்டும் என்று 1929-ல் எழுதினார். ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் திரவிய உதவியால் 1934-ல் பாஸ்டனிலுள்ள மாசச்சூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில், ஸ்டான்லி காப் தலைமையில் மனோவைத்தியப் பிரிவு பிறந்தது.

1942 நவம்பர் 28 இரவு, அந்நகரத்தின் கோகோநட் குரோவ் கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். பிழைத்தவர்களின் தீப்புண்ணைச் சர்ஜன்கள் கவனித்துக்கொண்டிருக்க, காப்பின் சகாவான எரிக் லிண்டமன், உற்றாரைப் பறிகொடுத்தவர்களின் ஓயாத பெருமூச்சையும், உணவில் வெறுப்பையும், தாமே கொன்றுவிட்டதாக நினைத்து மருகும் குற்ற உணர்ச்சியையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, துக்கத்துக்கும் சரீர லட்சணங்கள் உண்டென்று 1944-ல் எழுதிய கட்டுரை இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஏவரி வைஸ்மனும் தாமஸ் ஹாக்கெட்டும் 1958-ல் எழுதியது என் மனத்தை இன்னும் அதிகமாகத் தொடுகிறது. கண்ணில் சத்திர சிகிச்சை முடிந்து, கட்டுப் போட்ட கண்களோடு அசையாமல் கிடந்த நோயாளிகளிற் சிலர், இருளில் இடமும் காலமும் மயங்கிப் பிதற்றினர். அந்தப் பிதற்றலைத் தடுக்கவும் தணிக்கவும் அவ்விருவரும் முதன்மையாகக் கைக்கொண்ட சாதனம், வைத்தியர் நோயாளியோடு விசேஷமாகப் பழகி ஏற்படுத்திக்கொள்ளும் உறவு. கண் கட்டியிருப்பவனுக்குத் தெரிந்த குரலைக் காட்டிலும் பெரிய ஆதாரம் வேறு என்ன இருக்க முடியும்?

இத்தனைக்குப் பிறகும், சரீர நோயாளிகளிடையே நடக்கும் இந்த மனோவைத்தியம் தனியொரு துறை என்ற அங்கீகாரம் அமெரிக்காவில் 2003-ல்தான் கிடைத்தது. முதற்பரீட்சை 2005-ல் நடந்தது. ஹென்றி எழுதி எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட இத்தாமதம் வருந்தத்தக்கதே. நான்காண்டு மனோவைத்தியப் பயிற்சிக்கு மேல் ஓராண்டு இதற்கென்றே கழிகிறது. திடீரென்று பிதற்றும் முதியவரைப் பைத்தியம் என்று ஒதுக்காமல், மூலகாரணம் தொற்றா, மருந்தின் விளைவா, குடியை நிறுத்தியதன் விளைவா என்று தேடுவது அப்பயிற்சியில் ஒரு பகுதி. டயாலிசிஸ் வேண்டாம் என்பவர் தெளிந்த சித்தத்தோடு மறுக்கிறாரா, மனச்சோர்வு அவரை அப்படிப் பேசவைக்கிறதா என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டறிவது இன்னொரு பகுதி. அதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது.