தையல் பிரிந்த சலங்கு

எங்கள் பங்கில் ஒரு சொல்தா குடும்பம் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரைப் புதுச்சேரியார் இன்றும் சொல்தா என்றே அழைக்கின்றனர். படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் நம் நாவில் பட்ட பாடு அது. அக்குடும்பத் தலைவர் பல்லாண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் தம் தந்தையாரின் வீட்டிற்குத் திரும்பியபோது, வீடு மந்திரிப்பதற்கு என்னை அழைத்திருந்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே கொல்லைப்புறம் வந்த நான் அங்கே திகைத்து நின்றுவிட்டேன். மாமரத்தடியில், இரண்டு மரத் தாங்கிகளின் மேல், ஒரு படகு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டுச் சாமான்களோடு அதையும் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்! "இதையும் மந்திரிச்சுடுங்க ஃபாதர், இதுக்குத்தான் ரொம்பத் தேவைப்படும்" என்றார் அவருடைய மனைவி. அவர் குரலில் பக்தி மட்டும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

நீர்மேல் சறுக்கி விளையாடுவோரைக் கயிறு கட்டி இழுத்துச் செல்லும் படகு அது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள பெப்பின் ஏரியில், 1922-ஆம் ஆண்டு, ரால்ஃப் சாமுவேல்சன் என்னும் பதினெட்டு வயது இளைஞர் இரண்டு பலகைகளைக் கால்களில் பூட்டிக்கொண்டு விசைப்படகின் பின்னே நீர்மேல் நின்று காட்டினார். விளையாட்டு அங்கிருந்து பரவிற்று. அதற்கென்றே கட்டப்பட்ட இப்படகுகளில் பொறியானது பின்பலகையில் தொங்குவதில்லை. படகின் நடுவயிற்றில் அமர்ந்திருக்கிறது. பாரம் நடுவில் இருப்பதால் படகின் பின்புறம் அமிழாது, பின்னால் எழும் அலையும் தாழ்ந்தே இருக்கும், இழுபடுகிறவர் தடுமாறாமல் நிற்பார். பொறியிலிருந்து ஓர் உலோகத் தண்டு அடிப்பலகையைத் துளைத்துச் சாய்வாக வெளியேறிச் சுழல்விசிறியைச் சுழற்றும். நம் சொல்தா அந்தப் பொறியைக் கழற்றிப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பழைய போர்வை ஒன்றின்மேல் பரப்பியிருந்தார். அதில் அவருக்குக் கவலை இல்லை. படையில் கற்ற தொழில்.

தொல்லை தந்தது மரம். நெடுங்காலம் நீரைக் காணாமல் உலர்ந்ததால் பலகைகளுக்கிடையே நாணயம் நுழையும் அளவிற்கு இடைவெளி விழுந்திருந்தது. வங்குகள் இரண்டு மக்கிப்போயிருந்தன. இன்று புதுவைக் கரையில் படகு என்றால் கண்ணாடியிழைப் படகுதான். அதில் பழுது நேர்ந்தால் பிசின் கலந்து பூச ஆள் உண்டு. மரத்தைத் தொட ஆள் அரிது. அப்போதுதான் வைத்திக்குப்பத்துப் பெரியவர் ஒருவரின் நினைவு எனக்கு வந்தது. எண்பதைக் கடந்தவர். மறுநாள் மாலை அவரை அழைத்துச் சென்றேன். படகை ஒருமுறை சுற்றி வந்தார், விரல்முட்டியால் பலகைகளைத் தட்டிக் கேட்டார், நகத்தால் கீறினார்.

"ஆணி போட்ட படகு, சாமி. ஆணியும் மரமும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டிருக்கு. எங்க தாத்தா காலத்துல ஆணியே கெடையாது. எல்லாம் தைச்ச படகு."

அந்தத் தைத்த படகைப் பற்றி எழுதவே இக்கட்டுரை. அதன் பெயர் சலங்கு. பிரெஞ்சுக்காரர்கள் இச்சொல்லை வாங்கி 'ஷெலேங்' ஆக்கிக்கொண்டனர். ஆங்கிலேயர் சென்னையில் இதே வகைப் படகை 'மசூலா' என்றனர். அது மசூலிப்பட்டினத்தால் வந்த பெயரா, மீனைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகின்றனர். நமக்கு நம் சொல் போதும்.

சோழமண்டலக் கடற்கரைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. மணற்கரை ஏறக்குறைய நேர்கோடாக ஓடுகிறது. அலைகள் கரையிலிருந்து சற்றுத் தொலைவிலேயே புரண்டு உடையத் தொடங்கி, வரிசை வரிசையாக வந்து மோதுகின்றன. பெரிய கப்பல்கள் அவ்வரிசைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க வேண்டியதுதான். ஐரோப்பியக் கப்பல்களின் சிறுபடகுகளோ வலிய வங்குகளில் பலகைகளை ஆணியடித்து இறுக்கியவை. உடையும் அலையில் அவை தரையில் மோதினால் பிளந்துவிடும்.

சலங்கிற்கு வங்கே கிடையாது. பலகைகளின் ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, இணைப்பின்மேல் வைக்கோலையோ நாரையோ திரித்து மெத்தைபோல் வைத்து, தென்னங்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைப்பார்கள். அடி தட்டை, பக்கங்கள் உயரம். அலை வந்து அறையும்போது படகு முழுவதும் நெளிந்து கொடுக்கும். மணலில் மோதினால் வளைந்து, பிறகு தன் வடிவத்திற்குத் திரும்பும். கசிவு எப்போதும் உண்டு, அதை இறைத்துக்கொட்ட ஆளும் உண்டு. சென்னை மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய படகுகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

நாரும் கயிறும் உப்புநீரில் நாட்பட்டால் மக்கும். ஆகவே சலங்கைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் முற்றிலும் பிரித்து, பலகைகளை மணலில் பரப்பி உலர்த்தி, மக்கியதை நீக்கிவிட்டு, மறுபடியும் தைக்க வேண்டும். சொல்தா தம் கொல்லையில் செய்ய முயன்றதை, குப்பத்துக் குடும்பங்கள் தம் வாசலிலேயே முறைதவறாமல் செய்துவந்தன. பெரியவர் சிறுவனாக இருந்தபோது உட்புறம் அமர்ந்து, துளை வழியே வரும் கயிற்று நுனியைப் பிடித்து மறுதுளையில் திருப்பிவிடுவது அவருடைய வேலையாம். "தாத்தா வெளியில, நான் உள்ள. ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது, சாமி. கயிறு இழுக்குற இழுப்புலயே அவருக்குக் கோவமா இல்லையான்னு கண்டுபிடிச்சுடுவேன்" என்றார். அவர் நினைவிலுள்ளவை பெரும்பாலும் கரைவலை வளைக்கப் பயன்பட்ட படகுகள். தைக்கும் முறை ஒன்றே.

சலங்கை ஓட்டுவது தனிக் கலை. தண்டல் பின்னால் நின்று நீண்ட துடுப்பால் திசை திருப்புவார். எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை துடுப்பு வலிப்பர். மூங்கில் கழியின் முனையில் வட்டப் பலகை ஒன்று கட்டப்பட்டிருக்கும், அதுவே துடுப்பு. எந்த அலையின் முதுகில் ஏறுவது, எதை விட்டுவிடுவது என்பதைத் தண்டல் ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டும். சலங்கு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டால் கவிழ்ந்தது என்றே பொருள். நீரில் விழுவோரைத் தூக்கக் கட்டுமரக்காரர்கள் உடன் செல்வது வழக்கம். சென்னையில் உயிர்காத்த கட்டுமரக்காரர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. சலங்கும் செல்ல இயலாத கடும் அலையில், கூம்பு வடிவத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குச் சென்றவர்களும் அவர்களே.

1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கப்பல் வந்த செய்தியும் சலங்கு போன செய்தியும் அன்றாடக் காரியங்கள். வணிகத்திற்கும் போருக்கும் அது ஒன்றே வாயில். 1746-இல் லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்த சில வாரங்களில், அக்டோபர் 13 இரவு எழுந்த புயல் அவருடைய கப்பல்கள் பலவற்றை அழித்தது. 1761-ஆம் ஆண்டின் முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பற்படைக்கும் அதே கதி. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் இரு வாரங்களில் நகர் வீழ்ந்தது. வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் பிள்ளையும் இறந்தார். திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றவற்றின் கதி அது. சலங்குகளோ புயலுக்கு முன் மணலில் மேலேற்றப்படக்கூடியவை.

பெரியோர் மட்டுமா அதில் ஏறினர்? 1792-இல் புதுச்சேரிக்கு வந்த மறைப்பணியாளர் துபுவா போன்றோர் முதன்முதலாக அமர்ந்த தமிழ்நாட்டு ஊர்தி அதுவாகத்தான் இருந்திருக்கும். அதைவிட என் மனத்தை உறுத்துவது வேறொரு பயணம். அடிமை முறையை 1848-இல் ஒழித்த பிரான்சு, தன் கரும்புத் தீவுகளுக்குக் கூலிகளைத் தேடி நம் கரைக்கு வந்தது. பிரெஞ்சிந்தியாவிலிருந்து புறப்பட்ட 'ஒரேலி' என்னும் கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக்கை அடைந்தது. 1854 டிசம்பரில் குவாதலூப்பிற்கும் முதல் கூட்டத்தைச் சேர்த்தது. அன்று புதுச்சேரியில் கப்பலேற்றப் பாலம் கிடையாது. ஆதலால் இங்கிருந்து போன ஆணும் பெண்ணும் பிள்ளையும் அந்த அலைகளைத் தாண்டியது சலங்கில்தான். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை. நம் மண்ணோடு அவர்களை இறுதியாகப் பிணைத்திருந்தது ஒரு தென்னங்கயிற்றுத் தையல்.

கடற்கரைச் சாலையின் தென்கோடியில் துய்ப்ளேக்சுக்குச் சிலை நிற்கிறது. அவருக்கும் சோறும் சரக்கும் பணமும் கொண்டுவந்து சேர்த்த தண்டல்களுக்கு ஒரு கல்லும் இல்லை. சிலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

1866-இல் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டப்பட்டபோது சலங்கின் தேவை குறைந்தது. 1952-ஆம் ஆண்டுப் புயல் அப்பாலத்தைத் தகர்த்தது. காந்தி சிலைக்கு அருகே அதன் எச்சமாக நிற்கும் கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னர் தெற்கே வேறொரு பாலம் எழுந்தது. அதிலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. இரும்பும் காரையும் நெளிந்து கொடுப்பதில்லை.

ஆனால் சலங்கை முடித்துவைத்தது பாலம் அன்று, பொறி. 1953-இல் கேரளத்தின் நீண்டகரையில் நார்வே நாட்டின் உதவியோடு மீன்பிடித் திட்டம் ஒன்று தொடங்கி, உட்பொறி பொருத்திய படகுகளை அறிமுகம் செய்தது. அத்தகைய படகின் அடியில் தண்டும் விசிறியும் நீட்டிக்கொண்டிருக்கும். மணலில் ஏற்றினால் முதலில் நொறுங்குவது அதுதான். ஆகவே உட்பொறி வந்த இடமெல்லாம் துறைமுகம் கேட்டது. இதை உணர்ந்து மாற்று வழி தேடியோரும் உண்டு. குமரி மாவட்டத்து முட்டத்தில், கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகப் பணி நிறுவனத்தோடு இணைந்து ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டிய பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே, சிறியதைச் செய்வது எத்துணைக் கடினம் என்பதை 1985-இல் ஒரு நூலாகவே எழுதினார். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் வல்லுநர்கள், கரையேறும்போது விசிறியை மேலே தூக்கிவிடக்கூடிய உட்பொறியை வடிவமைத்தனர். சலங்கிற்கு அவர்கள் செலுத்திய மறைமுக வணக்கம் அது என்று நான் எண்ணுகிறேன்.

புதுச்சேரி தேர்ந்துகொண்டது துறைமுகத்தை. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. அதே ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. கிரேக்க மாலுமி ஒருவரின் கையேடு முதல் நூற்றாண்டிலேயே குறிப்பிடும் 'பொதுகே' அதுவே என்பது பலரின் கருத்து. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது; வடக்கே நகரக் கடற்கரை கரைந்தது. சென்னைத் துறைமுகத்திற்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரக் கரை அரித்துப்போனதும் நமக்கு முன்பே கிடைத்த பாடம். கல்லைக் கொட்டித் தடுத்தோம். 2018-இல் தலைமைச் செயலகத்திற்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்று அமைத்த பின்னர் ஒரு பகுதியில் மணல் மீண்டிருக்கிறது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் படகு இழுத்த மணல் பெரும்பாலும் போயிற்று. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளை ஏராளமாக வழங்கின. அன்று அவை உயிர் கொடுத்தன என்பதை அருகிருந்து பார்த்தவன் நான். குறை சொல்ல மாட்டேன். அதோடு மரமறிந்த கைகளுக்கு வேலை நின்றது.

பெரியவரின் குப்பத்தில் சலங்கைப் பிரித்துப் பரப்ப இன்று இடமில்லை. அவருடைய வீட்டிற்கும் கல்லுக்கும் இடையே உள்ள தூரத்தைக் காலால் அளந்து காட்டினார். பதினோரு அடிகள். அவருடைய தாத்தாவின் படகு அதைவிட நீளம்.

சொல்தாவின் படகு தேறிவருகிறது. மக்கிய வங்குகளை மாற்றியாயிற்று. பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்துக் கலப்பற்றும் வேலையைப் பெரியவரே செய்தார். கூலி வேண்டாம் என்றவர், சொல்தாவின் மனைவி கொடுத்த காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு முறை வாங்கிக் குடித்தார். நீரில் இறக்கியவுடன் கசியும், பலகை ஊறிப் பருத்தால் தானே நிற்கும், பயந்துவிடாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார். சுண்ணாம்பாற்றில் இறக்குவதாகத் திட்டம்.

சென்ற வாரம் அவர் என் அறைக்கு வந்தார். கையில் இரண்டு முழம் நீளத்தில் இரு மாம்பலகைகளும் ஒரு சுருள் தென்னங்கயிறும் இருந்தன. தரையில் அமர்ந்து, நாரை மெத்தையாக வைத்து, ஏழு தையல் போட்டார். எட்டாவதை என்னைப் போடச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் போட்டேன். உற்றுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதைப் பிரித்துவிட்டு, தாமே மீண்டும் போட்டார்.