கரிசல் வட்டாரத்தின் பொருளாதார எதிர்பார்ப்பு: அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பருத்தியை முன்வைத்து

முன்னுரை

பொருளாதாரம் குறித்த மக்களின் எதிர்பார்ப்பை அளப்பதற்கென இந்திய ரிசர்வ் வங்கி நுகர்வோர் நம்பிக்கை ஆய்வை நடத்தி வருகிறது. பொதுப் பொருளாதார நிலை, வேலைவாய்ப்பு, விலைவாசி, வருமானம், செலவு ஆகிய ஐந்தும் அதில் வினவப்படுகின்றன. குறியீடு 100க்கு மேற்பட்டால் நம்பிக்கை எனவும், குறைந்தால் அவநம்பிக்கை எனவும் கொள்ளப்படும். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், நடப்பு நிலைக் குறியீடு 48.5 ஆகச் சரிந்தது. இத்தகைய அளவுகோல் இல்லாத 19ஆம் நூற்றாண்டில் கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம் உள்ளிட்ட கரிசல் வட்டார மக்களின் எதிர்பார்ப்பை எதனைக்கொண்டு அறியலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விதைப்பும் கணிப்பும்

மானாவாரிக் கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி விதைக்கப்படும். பருத்தியெடுப்பு மாசியை ஒட்டியே தொடங்கும். விதைக்கும் நாளில் விற்கும் விலை தெரியாது. எனவே, கம்பும் சோளமும் விளையும் நிலத்தில் எவ்வளவைப் பருத்திக்கு விடுவது என்னும் முடிவே வரும் மாதங்களைப் பற்றிய உழவரின் கணிப்பாக அமைந்தது.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அந்நாட்டின் தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. தூத்துக்குடி வழியாக ஏற்றுமதியான திருநெல்வேலிப் பருத்தியும் விலையேற்றம் கண்டது. 1865இல் போர் முடிந்தபின் விலை சரிந்தது. ஆயினும் கரிசலில் பருத்திச் சாகுபடி நிலைத்தது.

நம்பிக்கையா, நெருக்கடியா?

விலை சரிந்தபின்னும் பருத்தி விதைத்தமையை நம்பிக்கையின் அடையாளம் என்று மட்டும் கொள்வதற்கில்லை. நிலவரியைப் பணமாகவே செலுத்த வேண்டியிருந்தது. வணிகரிடம் முன்பணம் பெற்றவர் விளைச்சலைக் கொடுத்தே கடன் தீர்க்க வேண்டியிருந்தது. ஆகவே, எதிர்காலத்தை நம்பியவரும் பருத்தி விதைத்தார். வேறு வழியற்றவரும் விதைத்தார். நிலமற்ற கூலியாளரின் நிலையோ வேறு. தானியத்தை விலைக்கு வாங்கியவருக்குப் பருத்தி விலையைவிடக் கம்பின் விலையே முதன்மையானது. 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. அவ்வாண்டிலேயே பெரும்பஞ்சமும் தொடங்கியது. மழை பொய்த்தபோது சந்தைத் தொடர்பு மட்டும் மக்களைக் காக்கவில்லை.

முடிவுரை

பருத்திப் பரப்பு மக்கள் செய்ததைக் காட்டுகிறது. செய்ததன் காரணத்தைக் காட்டுவதில்லை. இன்றைய குறியீட்டுக்கும் இது பொருந்தும். செலவு கூடுவது அதில் நம்பிக்கையின் பக்கமே சேர்கிறது. விலைவாசி உயர்வால் அரிசிக்கும் எண்ணெய்க்கும் கூடுதலாகச் செலவிடும் குடும்பமும் அக்கணக்கில் அடங்கும். ஆதலின், எதிர்பார்ப்பின் வரலாற்றை எழுதுவோர் செலவையும் விதைப்பையும் கடன், வரி, தானிய விலை ஆகியவற்றோடு ஒருங்கே வைத்து ஆராய்தல் வேண்டும்.