மக்காச்சோளமும் மனப்பிறழ்வும்: பெல்லாக்ரா நோயின் வரலாறு

முன்னுரை

உணவுக்கும் உளநலத்திற்கும் உள்ள உறவைப் பேசும் இன்றைய எழுத்துகள் பெரும்பாலும் தனிமனிதரின் உணவுத் தெரிவையே மையமாகக் கொள்கின்றன. எதை உண்பது என்பதைத் தாமே முடிவுசெய்ய இயலாதவர்களின் வரலாறு அவற்றில் இடம்பெறுவது அரிது. பெல்லாக்ரா நோயின் வரலாறு அத்தகையோரின் வரலாறாகும். தோல் அழற்சி, வயிற்றுப்போக்கு, அறிவுத் தடுமாற்றம் ஆகியன இந்நோயின் முதன்மையான அறிகுறிகள். உறக்கமின்மை, எரிச்சல், காரணமற்ற அச்சம், ஆழ்ந்த மனச்சோர்வு எனத் தொடங்கும் உளக்குறிகள், நோய் முற்றுகையில் நினைவுக் குழப்பமாகவும் மருட்காட்சியாகவும் வளரும். நயாசின் என்னும் உயிர்ச்சத்தின் குறைபாடு இதற்குக் காரணமென அறியப்படும் முன்னர், இந்நோயாளருள் பலர் பித்தர் எனக் கருதப்பெற்று மனநோய்க் காப்பகங்களில் அடைக்கப்பெற்றனர்.

தானியம் வந்தது, பக்குவம் வரவில்லை

ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதி மருத்துவரான காஸ்பர் கசால் 1735இல் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். 1771இல் இத்தாலியரான ஃபிராப்போலி இதற்குப் பெல்லாக்ரா என்ற பெயரை அச்சில் வழங்கினார். நோய் பரவிய இடங்களிலெல்லாம் ஏழை உழவர்களின் உணவு பெரும்பாலும் மக்காச்சோளமாகவே இருந்தது. அத்தானியத்தின் தாயகமான நடு அமெரிக்காவில் மக்கள் அதனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த பின்னரே அரைத்தனர். தானியத்தில் பிணைந்து கிடக்கும் நயாசினை உடல் ஏற்கும் நிலைக்கு அப்பக்குவம் விடுவிக்கிறது. ஐரோப்பியர் தானியத்தைக் கொண்டுவந்தனர், பக்குவத்தைக் கொண்டுவரவில்லை.

காப்பகமும் நோயும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கறுப்பினத்தவருக்கென இருந்த மவுண்ட் வெர்னன் மனநோய் மருத்துவமனையில் 1906இல் 88 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் 57 பேர் இறந்தனர். இதனைப் பதிவுசெய்த மருத்துவர் ஜார்ஜ் சியர்சி, பணியாளர் எவருக்கும் நோய் வராததைக் கவனித்து, மக்காச்சோள உணவின்மீது ஐயங்கொண்டார். ஆயினும், நோய் தொற்றால் பரவுகிறது என்ற கருத்தே பின்னும் பல ஆண்டுகள் வலுப்பெற்றிருந்தது. பரம்பரையைக் காரணம் காட்டியோரும் உண்டு.

1914இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஜோசப் கோல்ட்பெர்கரை இவ்வாய்வுக்கு அமர்த்தியது. காப்பகங்களில் பல ஆண்டுகள் அடைபட்டிருந்தோருக்குக்கூடப் புதிதாக நோய் தோன்றியது. அவர்களோடு நாள்தோறும் பழகிய பணியாளருக்குத் தோன்றவில்லை. தொற்றுநோயாயின் இவ்வாறு ஆள்பார்த்து வருவதற்கில்லை என்பது அவர் வாதம். ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் மனநோய்க் காப்பகத்திலும் மிசிசிப்பியின் அநாதை இல்லங்களிலும் பால், முட்டை, இறைச்சி, பயறு ஆகியவற்றை உணவில் சேர்த்தபோது நோய் விலகியது. பெல்லாக்ராவால் மனம் பிறழ்ந்தோரை ஏற்ற காப்பகமே, வேறு காரணங்களால் வந்தோருக்குத் தன் உணவின் வழியாகப் பெல்லாக்ராவைத் தந்தது. காப்பக வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு எண்ணிப்பாராத செய்தி இது.

1915இல் மிசிசிப்பியின் ராங்கின் சிறைப் பண்ணையில், விடுதலை பெறும் உறுதியின்பேரில் முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளம் மிகுந்த குறையுணவு அளிக்கப்பட்டது. சோதனையை நிறைவுசெய்த 11 பேருள் 6 பேர் நோயுற்றனர். விடுதலைக்கு ஈடாக உடலைப் பெற்ற இச்சோதனையை இன்றைய ஆய்வறம் ஏற்காது. 1916இல் கோல்ட்பெர்கர், தொற்றுக்கோட்பாட்டை மறுக்க, நோயாளரின் இரத்தத்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவர்தம் மனைவியும் அச்சோதனையில் பங்கேற்றார்.

அதே ஆண்டு அவரும் பொருளியல் அறிஞர் எட்கர் சிடென்ஸ்டிரிக்கரும் தென் கரோலினாவின் ஆலைக் கிராமங்களில் ஆய்வைத் தொடங்கினர். வருவாய் குறையக் குறைய நோய் மிகுவது அதில் தெரியவந்தது. பருத்தி ஒன்றையே பயிரிட்டு, கடைக்காரரிடம் கடனுக்கு மக்காச்சோள மாவும் கொழுப்பிறைச்சியும் வெல்லப்பாகும் பெற்று வாழ்ந்த குத்தகைக் குடும்பங்களின் நிலையும் இதுவே. 1921இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங் தென்மாநிலங்களின் பஞ்சத்தைக் குறிப்பிட்டபோது, தம் பகுதிக்கு இழுக்கு எனத் தென்னகத் தலைவர்கள் சினந்தனர். 1929இல் கோல்ட்பெர்கர் இறந்தார். 1937இல் கான்ராட் எல்விஜெம், நாய்களுக்கு வரும் ஒத்த நோயை நிக்கோட்டினிக் அமிலம் தீர்ப்பதைக் கண்டறிந்தார். அம்மருந்தைப் பெற்ற மனிதருள் பலர் சில நாட்களிலேயே மனத்தெளிவு பெற்றனர். ஆனால் நோய்க்கு ஒரு வேதிப்பொருளின் பெயர் கிடைத்த பின்னர், நிலவுடைமை பற்றிய வினா மருத்துவ நூல்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

தக்காணமும் சென்னை மாகாணமும்

இந்நோய் மக்காச்சோளத்தோடு முடியவில்லை. சேலத்தில் பிறந்த சி. கோபாலன், ஹைதராபாத் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவுடன் இணைந்து, தக்காணத்துச் சோளம் உண்ணும் ஏழைகளிடையே பெல்லாக்ரா தோன்றுவதை 1960இல் விளக்கினார். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தை அவர்கள் காரணமாக்கினர். அவ்விளக்கம் பின்னர் விவாதத்திற்குரியதாயிற்று. பெல்லாரி, கர்னூல் முதலிய சோள நிலங்கள் ஒருகாலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. அம்மாகாண மனநோய்க் காப்பகங்களின் ஆண்டறிக்கைகள் பித்துக்கான காரணங்களை அட்டவணையிட்டன. அவ்வட்டவணைகளை அடைபட்டோரின் ஊர், தொழில், காப்பக உணவுப்படி ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் படிக்கும் பணி தமிழக ஆய்வாளர்களுக்கு உரியது.