மண்ணீரல் எதைத் தின்கிறது, எதை விடுகிறது? சிடி47 விளக்கத்தின் போதாமை குறித்து

நம் உடலில் நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் விழுங்கப்படுகின்றன. விழுங்குபவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள நம் சொந்த மேக்ரோஃபேஜ் செல்கள். அவற்றை உரசிக்கொண்டு ஓடும் சிவப்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை தப்பிவிடுகின்றன. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் சிடி47 என்ற புரதம். சொந்தச் செல்களின் மேல் இது அடையாள அட்டை போல இருக்கிறது, அதைக் கண்டதும் மேக்ரோஃபேஜ் விட்டுவிடுகிறது என்பார்கள். இந்த விளக்கம் தவறில்லை, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மீதிப் பாதியை விட்டுவிட்டால், நம் மலைவாழ் மக்களிடையே உள்ள ஒரு நோயையே புரிந்துகொள்ள முடியாது.

முதலில் அந்த விளக்கத்தின் வலுவைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு ஓல்டன்போர்க், லிண்ட்பெர்க் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டனர். சிடி47 மரபணு நீக்கப்பட்ட எலிகளின் சிவப்பணுக்களை இயல்பான எலிகளுக்குச் செலுத்தியபோது, மண்ணீரல் அவற்றை வெகு விரைவில் அகற்றிவிட்டது. காரணமும் பின்னர் தெளிவாயிற்று. சிவப்பணுவின் சிடி47, மேக்ரோஃபேஜின் மேலுள்ள சிர்ப்-ஆல்ஃபா என்ற ஏற்பியோடு பிணைகிறது. உடனே உள்ளே எஸ்எச்பி-1 என்னும் நொதி செயல்படத் தொடங்குகிறது. இரையைச் சுற்றி வளைக்கும் சவ்வுக்கு இழுவிசை தரும் மயோசின் புரதம் அந்த இடத்தில் திரள்வது தடைபடுகிறது. விழுங்கல் தொடங்கிய நிலையிலேயே நின்றுபோகிறது.

ஆனால் அதே எலிகளிடம்தான் சிக்கலும் இருக்கிறது. அந்த விளக்கத்தின்படி, சிடி47 அறவே இல்லாத எலி தன் சிவப்பணுக்களைத் தானே தின்று தீர்த்துவிட வேண்டும். வழக்கமான ஆய்வக இன எலிகளில் அப்படி நடப்பதில்லை, அவை சோகையின்றி வாழ்கின்றன. 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, இரத்தம் சாராத பிற திசுக்களில் சிடி47 இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே மேக்ரோஃபேஜின் இந்தச் சகிப்பு உருவாகிறது என்று காட்டியது. அதாவது, எது சொந்தம் என்பதை மேக்ரோஃபேஜ் தான் வளரும் சூழலிலிருந்து கற்றுக்கொள்கிறது. அதே மரபணுவைத் தன்னுடலெதிர்ப்பு நாட்டம் உள்ள என்ஓடி இன எலிகளில் நீக்கினால் கதை மாறுகிறது. சிவப்பணுக்களின் மேல் ஆன்டிபாடிகள் படிகின்றன, கடும் சோகையில் எலிகள் இறக்கின்றன. தடை நீங்கியது இரண்டு இனங்களிலும்தான். தின்னத் தூண்டும் குறி சேர்ந்த இனத்தில் மட்டுமே அழிவு நேர்ந்தது.

மண்ணீரலின் செங்கூழ்ப் பகுதியைக் கிட்டத்தில் பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு, அங்கே ஓரிரு மைக்ரானே உள்ள பிளவுகளின் வழியே நெளிந்து வெளியேற வேண்டும். இளம் அணு சுலபமாக வளைந்து போய்விடும். ஏறத்தாழ 120 நாள் ஓடித் தேய்ந்த அணு விறைத்துச் சிக்கும், சுற்றிலும் இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் அதை நிதானமாகத் துழாவும். சவ்வின் உட்புறமே இருக்க வேண்டிய பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற கொழுப்பு வெளியே தெரிகிறதா? பேண்ட்-3 புரதங்கள் திரண்டு, அவற்றின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா? இவற்றையெல்லாம் சிடி47 தரும் தடையோடு சேர்த்து எடைபோட்ட பிறகே முடிவு வருகிறது.

தமிழ்நாட்டில் இதற்குத் தெளிவான சான்று கதிர் அரிவாள் இரத்தசோகை. இந்தியாவில் இந்த மரபுக்கூறு 1952இல் லேமன், கட்புஷ் ஆகியோரால் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் முதலில் பதிவு செய்யப்பட்டது. நோயாளியின் சிவப்பணு முழுக்க முழுக்க அவருடையதே. அதன் மேல் சிடி47 இருக்கவே செய்கிறது. ஆயினும் ஹீமோகுளோபின் மீண்டும் மீண்டும் இழைகளாக இறுகுவதால் சவ்வு சிதைகிறது, பாஸ்ஃபாட்டிடைல்செரின் வெளிப்படுகிறது, மேக்ரோஃபேஜ் விழுங்கிவிடுகிறது. அடையாள அட்டை மட்டுமே தீர்மானிக்கும் என்றால் இந்த நோயில் இப்படிப்பட்ட அழிவு நேரக்கூடாது. ஆப்பிரிக்க வகை நோயில் சிறு வயதிலேயே மண்ணீரல் சுருங்கிச் செயலிழப்பது வழக்கம். நீலகிரி உட்பட இந்தியப் பழங்குடியினரிடம் காணப்படும் அரபு-இந்திய மரபு வகையிலோ கருவக ஹீமோகுளோபின் அதிகம் இருக்கிறது, மண்ணீரல் வீங்கிய நிலையில் நெடுங்காலம் நீடிக்கிறது. தின்னும் உறுப்பு இங்கே நீண்ட நாள் உயிர்ப்போடு இருக்கிறது என்பதை மருத்துவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

புற்றுநோய் மருத்துவமும் இதையே கற்றுக்கொண்டது, பெரும் விலை கொடுத்து. இரத்தப் புற்றுச் செல்கள் சிடி47ஐ மிகுதியாகப் போர்த்திக்கொண்டு தப்புவதை 2009இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெய்ஸ்வால், மஜேட்டி, வைஸ்மன் குழுவினர் காட்டினர். அதை மறைக்கும் ஆன்டிபாடி மருந்தாக மேக்ரோலிமாப் வந்தது. அதன் முதல் தவணையைக் குறைவாகத் தந்தார்கள். அப்போது மூப்படைந்த சிவப்பணுக்கள் விழுங்கப்பட்டு, அவற்றின் இடத்தில் இளம் அணுக்கள் வந்தன. பிறகு தவணையைக் கூட்டியபோதும் இளம் அணுக்கள் பெரும்பாலும் தப்பின, ஏனெனில் தின்னத் தூண்டும் குறி அவற்றில் குறைவு. என் வாதத்துக்கு இதைவிட நேரான மனிதச் சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரத்தப் புற்றுகளில் அந்த மருந்து எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2023இலும் 2024இலும் பெரிய சோதனைகள் நிறுத்தப்பட்டன. தடையை மட்டும் நீக்குவது போதாது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

இது ஆய்வகத்தோடு நிற்கும் விவாதமல்ல. தென்காசி மாவட்டத்தில் ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் ஊர்களுக்கு மேற்கே மலையடிவாரத்தில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. 2023 ஜூலையில் தொடங்கிய தேசியக் கதிர் அரிவாள் சோகை ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. அதில் தமிழ்நாடும் உண்டு. இப்படிப்பட்ட ஊர்களின் சுகாதார நிலையத்தில் சோகை என்றதும் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது வழக்கம். பெரும்பாலோருக்கு அது சரியான சிகிச்சையே. ஆனால் அந்த எண், சிவப்பணு போதாமல் உற்பத்தியானதா, உற்பத்தியானபின் விழுங்கப்பட்டதா என்று சொல்லாது. மாத்திரைக்குத் தேறாத ஒருவரின் வயிற்றை அழுத்தி மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பதும், இளஞ்சிவப்பணு எண்ணிக்கையையும் பிலிருபினையும் கேட்பதும்தான் அதைச் சொல்லும். கதிர் அரிவாள் பரிசோதனைக்கு ஆள் அனுப்பும்போது இந்த மூன்றையும் சேர்த்தே எழுதி அனுப்ப வேண்டும்.